வெட்டிய பிறகு நிற்பது எது?

மர வியாபாரி தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மொத்தமாப் பேசிக்கலாம், வெட்டுக்கூலி, வண்டி எல்லாம் எங்க பொறுப்பு" என்று ஒரு தொகையைச் சொல்லி, முன்பணத்தைக் கையில் வைத்த பிறகுதான் பலருக்கு எந்த முறையில் வெட்டுவது என்ற யோசனையே வருகிறது. அதற்குள் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தவர் வியாபாரி. அவர் கணக்கு அவருக்குச் சரி. லாரி நிறைய வேண்டும், ஒரே வாரத்தில் வேலை முடிய வேண்டும், நேராக வளர்ந்த மரம் முதலில் வேண்டும். தோப்புக்காரரின் கணக்கோ இன்னும் இருபது வருடம் ஓட வேண்டியது.

அதனால் வியாபாரி வருவதற்கு முன்பே டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசிவிடுவோம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். எந்த மரத்தை வெட்டலாம் என்று தொடங்காதீர்கள். வெட்டிய பிறகு அந்த இடத்தில் எது நிற்க வேண்டும், எது முளைக்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வெட்டும் முறையை அது சொல்லிவிடும்.

பேச வசதியாக ஒரு தோப்பை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் பூமி, 5 ஏக்கர். 2 ஏக்கரில் தைலமரம், 5 வயது. இன்னொரு 2 ஏக்கரில் தேக்கு, 12 வயது, இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நட்டது, நட்ட நாளிலிருந்து ஒரு மரம்கூட எடுக்காதது. மீதி ஒரு ஏக்கரில் மகோகனி, வேம்பு, பலா, வேலியோரம் சில சந்தன மரங்கள். தமிழ்நாட்டில் சிறு தோப்பு வைத்திருப்பவர்கள் பலருடைய நிலம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. இந்த 5 ஏக்கரையும் ஒரே விலைக்கு, ஒரே முறையில் வெட்ட ஒப்புக்கொள்வது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. இங்கே மூன்று தோப்புகள் இருக்கின்றன.

ஒவ்வொரு மரத்திடமும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்குமா? அதன் கன்று நிழலில் பிழைக்குமா, முழு வெயில் கேட்குமா?

தைலமரம் இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொல்லும். கட்டை நன்றாகத் துளிர்க்கும், வெயில் முழுவதும் வேண்டும். ஆகவே ஒரு பரப்பை முழுதாக வெட்டி மறுதாம்பு விடுவதுதான் அதற்கு ஏற்ற முறை. காகித ஆலைக்குப் போகும் மரம் என்பதால் பருமன் வேறுபாட்டுக்குப் பெரிய விலை வேறுபாடும் இல்லை. இதில் பொறுக்கி வெட்டப் போனால் நின்றுபோன மரங்களின் நிழலில் கட்டைத் துளிர்கள் மெலிந்து நீண்டு வீணாகும்.

மறுதாம்பு நன்றாக வர வேண்டுமென்றால் வெட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தரையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலத்துக்குள் வெட்ட வேண்டும். உயரமாக விட்ட கட்டையிலிருந்து வரும் துளிர் மேல்விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பலத்த காற்றில் பிய்ந்துவிடும். தாழ்வாக வெட்டிய கட்டையின் துளிர் மண்ணோடு சேர்ந்து உறுதி பெறும். வெட்டுவாய் சற்றுச் சரிவாக இருந்தால் தண்ணீர் தேங்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டையைச் சுற்றியிருக்கும் பட்டை கிழியக் கூடாது. துளிர் அந்தப் பட்டைக்கு அடியிலிருந்துதான் கிளம்புகிறது. மழுங்கிய கோடாலியால் அடித்துப் பட்டை நார்நாராகத் தொங்கும் கட்டைகளை நிறையப் பார்க்கலாம். அவற்றில் பல பட்டுப்போகும். ரம்பமோ மோட்டார் ரம்பமோ வைத்து அறுப்பவரைக் கேட்டு வாங்குங்கள். கட்டைக்குப் பத்துப் பதினைந்து துளிர் வரும். ஒரு வருடத்தில் நல்லதாக ஒன்றோ இரண்டோ விட்டுவிட்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். கட்டைகளின் மேல் மிலாறைக் குவித்து நெருப்பு வைக்கவே கூடாது.

முதல் மறுதாம்பு பெரும்பாலும் வேகமாக வரும், ஏனென்றால் கீழே ஏற்கெனவே வளர்ந்த வேர் இருக்கிறது. இரண்டு மூன்று வெட்டுக்குப் பிறகு கட்டைகள் சாகத் தொடங்கி, இடைவெளி விழுந்து, எடை குறையும். அப்போது கட்டையைத் தோண்டிவிட்டுப் புதுக்கன்று நடுவதுதான் வழி.

சவுக்கு இதே போன்ற குறுகிய காலப் பயிர்தான், ஆனால் நாட்டுச் சவுக்கு தைலமரம் மாதிரித் துளிர்ப்பதில்லை. அதனால்தான் கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டுப் பக்கம் அதை வேரோடு எடுத்துவிட்டு மறுபடி நடுகிறார்கள். வேர்க்கட்டைக்கும் அடுப்பெரிக்க விலை உண்டு. அப்படி எடுக்கும்போது வேர் முடிச்சுகளும் போகின்றன. காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் அந்த முடிச்சுகளில்தான் வாழ்கிறது. சவுக்கு வெட்டிய நிலத்தில் சருகையும் ஊசி மிலாறையுமாவது விட்டுவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தடியைவிட இலையிலும் பட்டையிலும்தான், எடைக்கு எடை பார்த்தால், மண்ணின் சத்து அதிகம் இருக்கிறது. தைலமரப் பட்டையையும் தோப்பிலேயே உரித்துப் பரப்பிவிடலாம்.

முழு வெட்டு என்றால் 2 ஏக்கரையும் ஒரே நாளில் மொட்டையாக்க வேண்டும் என்று பொருளில்லை. மொத்தப் பரப்பை வெட்டு வயதால் வகுத்து, வருடத்துக்கு ஒரு பங்கு என்று வெட்டுவது வனத்துறைக்காரர்களின் பழைய பழக்கம். அந்தப் பங்கைக் கூப்பு என்பார்கள். 4 ஏக்கர் சவுக்கு, 4 வருட வயது என்றால் வருடம் ஒரு ஏக்கர். எந்த வருடமும் கை காயாது, விலை விழுந்த வருடத்தில் மொத்தமும் மாட்டிக்கொள்ளாது. நம் தோப்பின் 2 ஏக்கர் தைலமரத்தை இந்த வருடம் ஒன்று, இரண்டு வருடம் கழித்து ஒன்று என்று பிரித்தாலே போதும். லாரி நிறைகிற அளவு மரம் இருந்தால்தான் வியாபாரி நல்ல விலை தருவார் என்பதால் இதற்கு மேல் துண்டாக்குவது கட்டுப்படியாகாது.

முழு வெட்டைப் பாவம் போலப் பேசுகிறவர்கள் உண்டு. சமவெளியில், வெயில் கேட்கும் மரத்துக்கு, துளிர்க்கும் கட்டைக்கு அது சரியான முறை என்பதே என் கருத்து. மலைச்சரிவிலும் ஓடைக்கரையிலும் அதைச் செய்வதுதான் பாவம். ஐப்பசி மழை வெறும் சரிவில் இறங்கினால் மேல்மண் ஒரே பருவத்தில் போய்விடும்.

இனி தேக்கு. இதற்குத்தான் அதிகம் பேச வேண்டும்.

1990களில் தேக்கு பற்றி விளம்பரங்கள் சொன்னதை நம்பிப் பணம் போட்டவர்களும், அதைப் பார்த்துத் தங்கள் நிலத்தில் நெருக்கமாக நட்டவர்களும் ஏராளம். கன்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை போட்டு, ஏக்கருக்கு ஆயிரம் கன்று என்று பெருக்கிப் பார்த்தார்கள். அந்தப் பெருக்கலில் விட்டுப்போனது, நட்ட ஆயிரமும் கடைசிவரை நிற்பதற்கில்லை என்பது. இரண்டு மீட்டருக்கு ஒன்று என்றால் ஏக்கருக்கு சுமார் ஆயிரம் வரும். அது நேராக வளரச் செய்வதற்கான நெருக்கம். பிறகு படிப்படியாகக் கலைப்பதற்காகவே அப்படி நடுகிறார்கள். தோட்டத் தேக்குக்கு நம் நாட்டு வனத்துறைகளின் நடைமுறையில் நான்கைந்து வயதிலேயே ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை குறுக்காக எடுத்துப் பாதியாக்கிவிடுவார்கள். அதற்குச் சில வருடம் கழித்து மறுபடி. கேரளத்து நிலம்பூரில் 1840களில், மலபார் கலெக்டர் கொனோலியின் காலத்தில், சாத்து மேனன் நின்று நடவைத்த தேக்கின் ஒரு பகுதி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அந்தப் பருமன் வர ஒவ்வொரு மரத்துக்கும் எவ்வளவு வானம் வேண்டியிருந்தது என்பதை அங்கே அண்ணாந்து பார்த்தால் புரிந்துவிடும்.

கலைக்காமல் விட்ட தேக்கில் என்ன நடக்கிறது? தலைகள் முட்டிக்கொள்ளும். அடிக்கிளைகள் பட்டுப்போகும். உணவு செய்யும் இலைப்பரப்பு உச்சியில் ஒரு கொத்தாகச் சுருங்கிவிடும். மரம் உயரும், பருக்காது. நம் தோப்பின் 12 வயதுத் தேக்கு இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. கம்பு போல நிற்கிறது. அறுத்துப் பார்த்தால் வெள்ளை அதிகம், வைரம் நடுவில் கொஞ்சம். வெள்ளைப் பகுதியைப் பூச்சி தின்னும், வைரத்தைத் தின்னாது. ஆசாரி விலை குறைத்துக் கேட்பதற்கு அதுதான் காரணம்.

இங்கேதான் வியாபாரி, "பெரிசா இருக்கறதை நான் எடுத்துக்கறேன், சின்னது நிக்கட்டும், வளரும்" என்பார். கேட்கும்போது நியாயமாகவே படும். பெரியவர் விலகி இளையவருக்கு இடம் விடுவது போலத் தோன்றும். ஆனால் இந்தத் தோப்பில் இளையவரே கிடையாது. எல்லா மரமும் ஒரே மழைக்கு நட்டது. சிறியதாக இருப்பது இளைய மரம் என்று நினைப்பதைவிடப் பெரிய தவறு தேக்குத் தோப்பில் வேறில்லை. அது 12 வருடமாகப் பின்தங்கிய மரம். வித்து மோசமாக இருக்கலாம், வேர் சுருண்டிருக்கலாம், தொடக்கத்திலேயே நிழலில் மாட்டியிருக்கலாம். அதற்கு இப்போது வெயில் திறந்துவிட்டால் அது பருப்பதற்குப் பதில் அடிமரம் முழுக்கக் கொழுந்து விடும். அந்தக் கொழுந்து ஒவ்வொன்றும் நாளைக்குப் பலகையில் ஒரு கண். நல்ல கிடாய்களை எல்லாம் கறிக்கு விற்றுவிட்டு, நொண்டிக் கிடாயைப் பட்டியில் இனவிருத்திக்கு விடுகிற ஆட்டுக்காரர் உண்டா? பெரியதைக் கொடுத்துவிட்டுச் சிறியதை நிறுத்துகிறவர் தோப்பில் செய்வது அதைத்தான்.

பெரிய மரத்தை மட்டும் எடுக்கும் முறை உலகில் இல்லாமலில்லை. அதற்குப் புகழ்பெற்ற வரலாறே உண்டு. 1856இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்றவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர். பின்னாளில், 1864இல், இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளர் ஆனவர். பர்மாக் காட்டில் எத்தனை தேக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத காலம். அவர் யானை மேல் போகும்போது கையில் நான்கு மூங்கில் துண்டுகளை வைத்துக்கொள்வார். ஒவ்வொரு துண்டும் ஒரு பருமனுக்கு. வழியில் தேக்கைக் கண்டால் அதன் பருமனுக்குரிய மூங்கிலில் பேனாக்கத்தியால் ஒரு கீறல். முகாமுக்குத் திரும்பிக் கீறல்களை எண்ணினால் பெரியது எத்தனை, அதற்கடுத்தது எத்தனை என்று தெரிந்துவிடும். இரண்டாம் நிலை மரம் முதல் நிலைக்கு வளர எத்தனை வருடமாகும் என்று கணக்கிட்டு, அந்த வேகத்துக்கு மேல் வெட்டக்கூடாது என்று விதி வைத்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் பர்மா பொறுக்கு வெட்டு முறை. குறித்த சுற்றளவைத் தாண்டிய மரத்தை மட்டும் எடுப்பார்கள், ஒரே இடத்துக்குத் திரும்பி வர முப்பது வருடம். எடுக்கும் மரத்தின் அடியைச் சுற்றிலும் வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருடம் காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும், காய்ந்த தேக்குதான் ஆற்றில் மிதந்து வரும்.

அந்த முறை அங்கே பலித்ததற்குக் காரணம், அது இயற்கைக் காடு. மூங்கிலுக்கும் வேறு மரங்களுக்கும் நடுவே எல்லா வயதிலும் தேக்கு சிதறி நின்றது. அங்கே சிறியது பெரும்பாலும் இளையதாகவே இருந்தது. ஒரே வயதில் நட்ட தோப்புக்கு அதன் வெட்டு விதி பொருந்தாது. எண்ணும் விதி நன்றாகப் பொருந்தும். மூங்கில் துண்டுக்குப் பதில் ஒரு நோட்டும் தையற்கடை டேப்பும் போதும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுங்கள். 18 அங்குலத்துக்குக் கீழ் எத்தனை, 18 முதல் 24, 24 முதல் 30, அதற்கு மேல் எத்தனை என்று கோடு போட்டுக்கொண்டே போங்கள். கூடவே நேரானதா, கவையா, பட்டுப்போனதா என்றும் குறித்தால் இரண்டு காலைப் பொழுதில் உங்கள் தோப்பு உங்களுக்குத் தெரிந்துவிடும். இந்த நோட்டு இல்லாமல் வியாபாரியிடம் பேச உட்காராதீர்கள்.

நம் 2 ஏக்கர் தேக்குக்கு என் யோசனை இது. முதலில் நிற்க வேண்டிய மரங்களைத் தேர்ந்தெடுங்கள். நேரான அடிமரம், முழுத் தலை, காயமில்லாத பட்டை உள்ளவற்றுக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை. பிறகு அவை ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்து, அதன் தலையை நெருக்குகிற மரம் எது என்று கண்டுபிடித்து, அதற்குச் சிவப்பு. கவை விழுந்தவை, வளைந்தவை, துளை விழுந்தவை இவற்றுக்கும் சிவப்பு. பாதியை எடுக்க வேண்டிய தோப்புதான், ஆனாலும் ஒரே தடவையில் பாதியை எடுக்காதீர்கள். இத்தனை வருடம் ஒன்றையொன்று தாங்கி நின்ற ஒல்லி மரங்கள் திடீரென்று தனியாக நின்றால் காற்றுக்குச் சாயும். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரில் செய்ததும், 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டையிலும் தஞ்சையிலும் நாகையிலும் செய்ததும் நம் கண்முன் இருக்கின்றன. இப்போது மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மூன்று வருடம் கழித்து இன்னொரு பங்கு. அதுவும் பொங்கல் கழிந்து எடுங்கள். அடுத்த புயல் காலத்துக்குள் நின்ற மரங்களுக்கு எட்டு ஒன்பது மாதம் கிடைக்கும். மண்ணும் காய்ந்திருப்பதால் டிராக்டர் சக்கரம் வேர்ப்பரப்பை மிதித்து இறுக்காது. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கடைப்பிடிப்பவர்கள் கடைப்பிடிக்கலாம். அதைவிட, வெட்டியதை மண்ணில் போட்டு வைக்காமல் அடியில் கட்டை கொடுத்து நிழலில் உலர்த்தினால் உளுப்பது குறையும்.

முதல் கலைப்பில் வரும் கம்புக்குப் பெரிய பணம் கிடைக்காது. பந்தல் கால், வேலிக்கால், சிறு சட்டம் என்று போகும். அந்தச் சிறு பணத்தைப் பார்த்து மனம் தளர்ந்து, "இதுக்கு எதுக்கு, நிக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். பணம் நின்ற மரத்தில் சேர்கிறது என்பதைக் கணக்கில் பாருங்கள். நம் ஊர் மரவாடியில் கனஅடி போடும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நடுச் சுற்றளவை நாலாக வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 12 அடி நீளம், 24 அங்குலச் சுற்றளவு என்றால் கால் சுற்று அரை அடி. கனஅடி 3. அதே நீளத்தில் சுற்றளவு 36 அங்குலமானால் 6.75 கனஅடி. 48 அங்குலமானால் 12. சுற்றளவு இரண்டு மடங்கானால் மரம் நான்கு மடங்கு. அதோடு, பருத்த மரத்தில் வைரத்தின் பங்கு கூடுவதால் கனஅடி ஒன்றின் விலையே கூடுகிறது. நெருக்கத்தில் 24 அங்குலத்திலேயே தங்கிவிடும் ஆயிரம் மரத்தைவிட, 40 அங்குலத்தைத் தாண்டும் சில நூறு மரம் கையில் தருவது அதிகம்.

அந்தக் கால் சுற்றுக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. உருண்டை மரத்தின் உண்மையான கனஅளவில் அது 100க்கு 78.5 பங்கைத்தான் காட்டும். 36 அங்குல மரத்தில் உண்மையில் சுமார் 8.6 கனஅடி இருக்கிறது, கணக்கு 6.75 என்கிறது. அறுக்கும்போது கழியும் சிலாப்பையும் தூளையும் உத்தேசித்து ஏற்பட்ட பழைய வழக்கம் இது, எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஆனால் அதற்கு மேலும் "பட்டைக்கு ரெண்டு அங்குலம் தள்ளிக்கலாம், கழிவுக்குக் கொஞ்சம் தள்ளிக்கலாம்" என்று கேட்கும்போது, கழிவு ஏற்கெனவே தள்ளியாகிவிட்டது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

விற்கும் முறையும் வெட்டும் முறையும் ஒன்றையொன்று இழுக்கும். மொத்தத் தொகைக்கு விற்றால், எடுப்பவருக்குக் கிடைத்ததெல்லாம் லாபம் என்பதால் குறி போடாத மரத்தின் மேலும் கோடாலி விழும். காகித மரத்தை டன் கணக்கில் விற்பது நேர்மையான முறை, ஆனால் வெட்டிய அன்றோ மறுநாளோ எடைமேடைக்குப் போக வேண்டும். பச்சை மரம் நாளுக்கு நாள் எடை இழக்கும், அந்த இழப்பு உங்களுடையது. தேக்கையும் மகோகனியையும் தரையில் சாய்த்து, துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதி, அளந்து விற்பதே நல்லது. வேலை அதிகம்தான். என் வரையில் இந்த ஒரு வேலைக்கு ஆள் வைக்காமல் வீட்டில் ஒருவர் நின்று செய்ய வேண்டும்.

மீதி ஒரு ஏக்கருக்கு வருவோம். கலப்புத் தோப்பு, எனக்கு மிகவும் பிடித்த ஏக்கர். இங்கே பொறுக்கி வெட்டுவது உண்மையாகவே பொருந்தும், ஏனென்றால் வயதும் வகையும் வேறுவேறு. மகோகனியின் விதை இறக்கையோடு பறந்து விழுந்து தாய்மரத்தடியிலேயே கன்றாகி நிற்கும். அந்தக் கன்று லேசான நிழலைத் தாங்கும். சொல்லப்போனால் அந்த நிழல் அதற்குப் பாதுகாப்பு. வெட்டவெளியில் நட்ட மகோகனிக் கன்றின் நுனியைத் துளைப்பான் புழு குடைந்துவிடும், நுனி போனால் மரம் கவையாகப் பிரியும். கலப்பு மரங்களின் நடுவே அந்தத் தாக்குதல் குறைவு. இங்கே முழு வெட்டு வெட்டி மகோகனி நட்டால் தொல்லையைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வதாகும். முற்றிய மகோகனி ஒன்றை எடுத்து, அதன் கீழே நிற்கும் கன்றுகளில் நல்லதாக இரண்டை விட்டு, மற்றதை வேறு இடத்துக்கு மாற்றி நடுங்கள். அடுத்ததை நான்கைந்து வருடம் கழித்து எடுக்கலாம்.

வட இந்தியச் சால் காடுகளிலும் இமயத்துப் பைன் காடுகளிலும் விதைமரங்களை நிறுத்திவிட்டு மற்றதை எடுத்து, கன்றுகள் தலைதூக்கிய பிறகு அந்த விதைமரங்களையும் எடுக்கும் முறை உண்டு. பெரிய பரப்புக்கும் நீண்ட காலத்துக்கும் ஆனது. ஒரு ஏக்கர் மகோகனியில் நாம் செய்வது அதன் சிறு வடிவம்தான்.

இந்த ஏக்கரில் வெயில் கேட்கும் மரம் ஏதாவது புதிதாக நட ஆசைப்பட்டால் ஒற்றை மர இடைவெளி போதாது. பக்கத்து மரங்கள் மூன்று நான்கு வருடத்தில் அந்த இடைவெளியை மூடிவிடும். சுற்றி நிற்கும் மரங்களின் உயரம் எவ்வளவோ அவ்வளவாவது குறுக்களவு கொண்ட ஒரு திட்டைத் திறக்க வேண்டும். பொறுக்கி வெட்டுவதில் உள்ள இன்னொரு சிரமம், சாயும் மரம் நிற்கும் மரத்தைக் காயப்படுத்துவது. கிளையை முதலில் இறக்கி, விழ வேண்டிய பக்கம் அடியில் வாய் வெட்டி, எதிர்ப்பக்கம் அதைவிடச் சற்று உயரத்தில் அறுத்து, நடுவில் கொஞ்சம் விட்டுச் சாய்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். அவருக்குக் கூலி கூடுதல். கொடுங்கள். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு பங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் உட்பட.

சந்தனத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பக்கத்து மரங்களின் வேரைப் பற்றிச் சத்தை எடுத்து வாழ்வது. வேலியோரத்துச் சந்தனத்துக்குத் துணையாக நிற்கும் வேம்பையும் மற்றதையும் ஒரேயடியாக எடுத்தால் அதுவும் வாடும். அதை எடுக்கும் காலம் வந்தாலும் வெட்டுவதில்லை, வேரோடு தோண்டுவார்கள், ஏனென்றால் வேரிலும் வாசனைத் தைலம் நிறைந்த வைரம் இருக்கிறது. பட்டா நிலத்துச் சந்தனமானாலும் வனத்துறை வழியாகவே போக வேண்டும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விதிகள் மரத்துக்கு மரம் வேறு, மாறிக்கொண்டும் இருக்கின்றன. தேக்கு, ஈட்டி, செம்மரம் போன்றவற்றை வெட்டுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நட்ட மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் ஏற்றி வைத்திருந்தால் அந்த நாளில் பேச்சு குறையும். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போல மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடமானால், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்துக்கும் அனுமதி வேண்டும். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று வியாபாரி சொன்னாலும் நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது. லாரி பிடிபட்டால் விசாரணை உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

ஒப்பந்தம் எழுதும்போது குறைந்தது இவை இருக்க வேண்டும்: எத்தனை மரம், எந்த அடையாளம், எந்தத் தேதிக்குள், வண்டி எந்தப் பாதையில், நிற்கும் மரம் காயப்பட்டால் எவ்வளவு, மிலாறும் சருகும் யாருக்கு. முன்பணம் வாங்கினால் அதற்குரிய மரம் வெட்டி முடிந்தபின் அடுத்த தவணை வராமல் அடுத்த பகுதிக்குள் ஆள் நுழையக் கூடாது.

கடைசியாக, குறி போடும் வேலை. சிவப்பை இரண்டு இடத்தில் போடுங்கள். ஒன்று கண் மட்டத்தில், வெட்டுபவருக்குத் தெரிய. இன்னொன்று தரையோடு ஒட்டி, வெட்டுவாய்க்குக் கீழே. வேலை முடிந்து லாரி போன பிறகு தோப்பில் நடந்து ஒவ்வொரு கட்டையாகக் குனிந்து பாருங்கள். அடியில் சிவப்பு இல்லாத கட்டை எத்தனை இருக்கிறதோ அத்தனை மரத்துக்கு வியாபாரி உங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். கடைசித் தவணையை அதன் பிறகு வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கலாம்.